கெளுத்தித் தீவனத்தில் இலைத்தூள்: அளவையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்

தமிழ்நாட்டில் மீன் தீவன ஆலைத் திட்டங்களைக் கவனிக்கும் மீன்வளத்துறை அலுவலர்களுக்கும், வேளாண் அறிவியல் நிலையங்களில் மீன் வளர்ப்புப் பயிற்சி நடத்துவோருக்கும்,

வணக்கம்.

பங்கேசியஸ் என்ற கெளுத்தி வகை மீனின் வளர்ப்பில் ஆகும் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போய்விடுகிறது. சோயா புண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் பயிற்சிகளில் அதே யோசனைகள் திரும்ப வரும். முருங்கை இலை சேருங்கள், தண்ணீரில் மிதக்கும் அசோலாவை வளருங்கள், மரவள்ளி இலை வயலில் சும்மாதானே கிடக்கிறது, காயவைத்து அரைத்துப் போடுங்கள் என்பார்கள். யோசனையில் தப்பில்லை. எந்த மீனுக்கு, எந்த வயதில், நூறு கிலோ தீவனத்துக்கு எத்தனை கிலோ, இலையை எப்படிப் பதப்படுத்திய பிறகு என்கிற விவரம்தான் அதனுடன் வருவதில்லை. கேட்டவர் வீட்டுக்குப் போய் 20, 25 சதவீதம் கலக்கிறார். மீன் தீனி எடுக்கத் தயங்குகிறது, எடை ஏறாமல் நிற்கிறது. அதோடு இலைத்தூள் என்றாலே ஏமாற்று வேலை என்று முடிவு கட்டிவிடுகிறார். பயன்படக்கூடிய ஒரு பொருள் இப்படிக் கெட்ட பெயர் வாங்குவது எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான்: வளர்ந்த பங்கேசியஸுக்கு நூறு கிலோ தீவனத்தில் 5 முதல் 10 கிலோ வரை, ஒழுங்காகப் பதப்படுத்திய இலைத்தூள் தாங்கும். அதற்கு மேல் போகக் கூடாது. 20, 25 கிராம் எடை வரும்வரை குஞ்சுகளுக்கு ஒரு பிடிகூட வேண்டாம். இந்த வரம்பைப் பயிற்சித் தாளின் முதல் வரியாக அச்சிடுங்கள்.

வரம்புக்குக் காரணம் மீனின் வயிற்றிலேயே இருக்கிறது. திலேப்பியாவின் குடல் அதன் உடலைப்போலப் பல மடங்கு நீளம். புல்கெண்டைக்குத் தொண்டையில் இலையை அரைக்கும் பற்கள் உண்டு. கெளுத்தி இனத்துக்கு இரண்டும் இல்லை. குடல் குட்டை, நார்ச்சத்தைச் செரிக்கும் நொதியும் இல்லையென்றே சொல்லலாம். தீவனத்தில் நார் 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் இரை வேகமாகக் குடலைக் கடந்து வெளியே வந்துவிடும். உள்ளே இருந்த சோயாவும் மீன்தூளும் பாதி செரித்த நிலையில் கூடவே போகும். ஆக, இலை அதிகமானால் இலையின் சத்து மட்டுமல்ல, காசு கொடுத்து வாங்கிய மற்ற சத்தும் குளத்துத் தண்ணீருக்குப் போய்ச் சேரும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். கையேடுகளில் சுற்றிவரும் எண்களில் பல ஆப்பிரிக்கக் கெளுத்தியில், பெரும்பாலும் நைஜீரியாவில் நடந்த சோதனைகளிலிருந்து வந்தவை. அந்த மீன் இந்தியாவில் 2000 முதல் தடை செய்யப்பட்டது. நம் குளங்களில் இருப்பது பங்கேசியஸ், கொஞ்சம் நாட்டுக் கெளுத்தி, கொஞ்சம் தேளி. இவற்றில் பங்கேசியஸ் எல்லாம் உண்ணும் மீன். வளர்ந்த பிறகு 26 முதல் 28 சதவீதப் புரதம் அதற்குப் போதும் என்பதால் இலைக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. நாட்டுக் கெளுத்தியும் தேளியும் புழு பூச்சி தின்று வளர்பவை, 35 சதவீதத்தை ஒட்டிப் புரதம் கேட்பவை. அவற்றின் தீவனத்தில் இலை 5 கிலோவைத் தாண்டினால் புரதக் கணக்கே இடிக்கும். "கெளுத்திக்கு 10 சதவீதம்" என்று பொதுவாக எழுதாமல், மீன் பெயரைச் சொல்லி எழுதுங்கள்.

இனி விலைக் கணக்கு. பயிற்சிகளில் அதிகம் விடுபடுவது இதுதான். இலைத்தூளைக் கிலோ விலையில் சோயாவோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது செரிக்கும் புரதத்தின் விலை. சோயா புண்ணாக்கு கிலோ 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 46 சதவீதம் புரதம், ஏறக்குறைய 88 சதவீதம் செரிக்கும். ஒரு கிலோ செரிக்கும் புரதம் 111 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இலைத்தூளில் 25 சதவீதம் புரதம், கெளுத்தியில் செரிப்பது சுமார் 65 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், ஒரு கிலோ தூளில் செரிக்கும் புரதம் 160 கிராம் சொச்சம். அதன் மதிப்பு 18 ரூபாய். காய்ந்து அரைத்த இலைத்தூள் உங்கள் ஆலை வாசலுக்கு 18 ரூபாய்க்குக் கீழே வந்தால் லாபம், மேலே போனால் சோயாவே மலிவு. ஒரு கிலோ முருங்கைத்தூளுக்கு 6, 7 கிலோ பச்சை இலை வேண்டும். பச்சை இலையை 3 ரூபாய்க்கு வாங்கினாலே கணக்கு கவிழ்ந்துவிடும். ஏற்றுமதிக்குப் போகும் தரமான முருங்கைத்தூளை மீனுக்குப் போடச் சொல்வது விவசாயிக்குச் செய்யும் தீங்கு. மீனுக்கு வர வேண்டியது வீணாகும் இலைதான்: மறுதாம்பாகத் துளிர்க்க முருங்கை மரத்தை 3 அடி உயரத்தில் வெட்டும்போது குவியும் இலை, கிழங்கு பிடுங்கிய அன்று வரப்பில் எறியப்படும் மரவள்ளிக் கொழுந்து, தரம் பிரிக்கும்போது ஒதுக்கிய பழுப்பு. சந்தை விலை மாறும்போது இந்த எண்களும் மாறும். கணக்கு போடும் முறை மாறாது, அதைச் சொல்லிக்கொடுங்கள்.

இலைகளில் நாங்கள் அதிகம் நம்புவது மரவள்ளியை. அதிகம் பயப்படுவதும் அதைத்தான். சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் அறுவடைக் காலத்தில் அந்த இலைக்கு விலையே கிடையாது. காய்ந்த இலையில் 20 முதல் 25 சதவீதம் புரதம் இருக்கிறது. நான்கு கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகிவிடும். சிக்கல் சயனைடு. பச்சை இலையில் கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் சயனைடு லினமாரின் என்ற பொருளாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதியும் அதே இலையில், ஆனால் வேறு அறையில் இருக்கிறது. இலை நசுங்கினால்தான் இரண்டும் சந்திக்கும். சந்தித்தால் சயனைடு வாயுவாகிவிடும். அது 26 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகக்கூடியது, நம் ஊர் வெயிலில் தங்காது.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும். கிழங்கு பிடுங்கிய அன்றே இலையைக் கழித்து, காம்பை நீக்கிவிடுங்கள். காம்பில் நார்தான் அதிகம். தீவனம் நறுக்கும் கருவியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். ஓர் இரவு முழுவதும் நிழலில், ஓர் அடி உயரத்துக்கு மேற்படாத குவியலாக வாட விடுங்கள். உயரமாகக் குவித்தால் உள்ளே சூடேறி அழுகும். மறுநாள் காலை தார்ப்பாயில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கிளறி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். கையில் பிடித்து நசுக்கினால் பொடியாக உதிர வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது. நறுக்குவதையும் வாட்டுவதையும் மூடிய அறையில் செய்யக் கூடாது. வெளியேறும் வாயு வேலை செய்பவருக்கும் ஆபத்து.

தவறு எங்கே நடக்கிறது தெரியுமா? சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று முழு இலையை அப்படியே சூடான உலர்த்தியில் போடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் இலை பச்சை மாறாமல் அழகாகக் காய்ந்துவிடும். ஆனால் நொதி சூட்டில் செத்துப்போகும், லினமாரின் அப்படியே உள்ளே தங்கிவிடும். பிறகு சயனைடு பட்டால் நிறம் மாறும் பிக்ரேட் தாள் வைத்துச் சோதித்தால் தாள் மஞ்சளாகவே இருக்கும், ஏனென்றால் சயனைடை விடுவிக்க நொதி இல்லை. தூள் சுத்தம் என்று நினைத்துக் கலந்துவிடுவார்கள். மீனின் குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதைப் பிறகு உடைக்கும். ஆகவே சோதனை செய்யும்போது நொதியையும் சேர்த்துச் செய்ய வேண்டும். இது பண்ணையில் முடிகிற வேலை இல்லை. அந்தத் தாள் செய்யப் பயன்படும் பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும் தன்மை உடையது என்பதால் விவசாயி கையில் கொடுக்கவும் கூடாது. ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடத்தில் ரக வாரியாக இலையைச் சோதித்து, எந்த ரகத்தின் இலை எத்தனை நாள் உலர்த்தலுக்குப் பிறகு பாதுகாப்பானது என்று ஒரே ஓர் அட்டவணை வெளியிட ஏற்பாடு செய்யுங்கள். மீன்வளமும் வேளாண்மையும் இரண்டு துறைகளாக இருப்பதால் இந்த எளிய வேலை நடக்காமல் போய்விடக் கூடாது.

மாவுப்பூச்சிக்காக மருந்து அடித்த வயலின் இலையை எடுக்கவே வேண்டாம். முருங்கைக்கும் இதே விதி. மொட்டுப்புழுவுக்கும் தேயிலைக் கொசுவுக்கும் அடிக்கும் மருந்துகளில் பைரித்ராய்டு வகை இருந்தால், ஆட்டுக்கு ஒன்றும் ஆகாத அளவுகூட மீனைக் கொல்லும்.

முருங்கை இலை மரவள்ளியைவிடச் சாது. பி.கே.எம். 1 ரகம் 1989இல் பெரியகுளத்திலிருந்து வந்த பிறகு தேனி, திண்டுக்கல், கரூர்ப் பகுதிகளில் இலைக்குப் பஞ்சமில்லை. புரதம் 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஈர்க்கை மட்டும் கறாராக நீக்க வேண்டும். காய்ந்த கிளையை அப்படியே அரைத்தால் புரதம் இறங்கி நார் ஏறும். அரைத்த பிறகு சலிப்பது பாதிதான் உதவும், காய்ந்தவுடன் உதிர்த்துச் சலித்துவிட்டு அப்புறம் அரையுங்கள். முருங்கையில் உள்ள குறை பைட்டேட். அது தீவனத்திலுள்ள பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பைட்டேஸ் நொதி கிலோ தீவனத்துக்கு 500 அலகு சேர்த்தால் தீரும். அதைக் கலவையோடு போட்டு, தீவனத்தைக் குச்சியாகப் பிழியும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் வேகவைத்தால் அந்த நொதியும் செத்துப்போகும். தீவனக் குச்சி காய்ந்து ஆறிய பிறகு எண்ணெயில் கலந்து மேலே தெளிக்க வேண்டும்.

சவுண்டல் (சூபாபுல்) இலையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. அது தைராய்டைக் கெடுத்து வளர்ச்சியைத் தடுக்கும், சினைமீன்களுக்கு இன்னும் மோசம். பத்து மடங்கு தண்ணீரில் 48 மணி நேரம் ஊறவைத்து, இடையில் ஒரு முறை தண்ணீர் மாற்றி, பிறகு காயவைத்தால் பெரும்பகுதி கரைந்து போய்விடும். அப்போதும் 5 கிலோவுக்கு மேல் வேண்டாம், சினைமீனுக்குக் கூடவே கூடாது. அகத்தியில் மீனுக்கு நச்சான சபோனின். இலுப்பைப் புண்ணாக்கு போட்டு வேண்டாத மீனை அழிக்கிறோமே, அதில் வேலை செய்வது இதே சபோனின்தான். அகத்தியையோ சவுண்டலையோ ஊறவைத்து வடித்த தண்ணீரைக் குளக்கரையில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே விவசாயிக்குப் புரியவைக்கலாம். தென்னை மரத்தடியில் ஊற்றச் சொல்லுங்கள்.

அசோலாவைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நூறு கிலோ பச்சை அசோலாவில் 93, 94 கிலோ தண்ணீர். ஒரு கிலோ தூளுக்குப் பதினாறு கிலோ வேண்டும். மாட்டுக்கும் கோழிக்கும் பச்சையாகப் போடுவது நல்ல வழக்கம். மீன் தீவன ஆலைக்கு அது மூலப்பொருள் ஆகாது. குளத்திலேயே விட்டால் மேற்பரப்பை மூடி, விடிகாலையில் பிராணவாயுவைக் குறைத்துவிடும். மல்பெரி இலை நல்ல இலை, பட்டுப்புழுவுக்கே போதாது. புழுப் படுக்கைக் கழிவில் சுண்ணாம்பும் கிருமிநாசினியும் இருக்கும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது, விற்பனையில் அடி விழும் இடம். பங்கேசியஸ் சதை வெள்ளையாக இருந்தால்தான் முள் நீக்கிய துண்டுக்கு விலை. இலையில் உள்ள மஞ்சள் நிறமி சதையில் ஏறும். அமெரிக்கக் கால்வாய்க் கெளுத்தி வளர்ப்பில் தீவனத்தில் சாந்தோபில் என்ற அந்த மஞ்சள் நிறமி கிலோவுக்கு 11 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வெகுநாளாக உள்ள வரம்பு. இலைத்தூளில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று வைத்தாலும், 6 சதவீதம் சேர்த்தவுடன் 12 ஆகிவிடுகிறது. கூடவே மஞ்சள் மக்காச்சோளமும் சேர்த்தால் இன்னும் ஏறும். எனவே மாவுச்சத்துக்கு மக்காச்சோளத்தை விட்டு அரிசிக் குருணைக்குப் போங்கள், இலை 5 சதவீதத்தில் நிற்கட்டும், அறுவடைக்கு முந்தைய இரண்டு மாதம் இலையே இல்லாத தீவனம் கொடுங்கள். முழு மீனாக உள்ளூர்ச் சந்தையில் வெட்டி விற்பவருக்கு இந்தக் கவலை குறைவு, அவர் 10 வரை போகலாம். நாட்டுக் கெளுத்திக்கும் தேளிக்கும் மஞ்சள் ஒரு குறையே இல்லை. மனிதர் சாப்பிடும் முருங்கைத்தூளை நிழலில் உலர்த்துவது நிறமும் வைட்டமினும் போகாமல் இருப்பதற்காக. பங்கேசியஸ் தீவனத்துக்கு நேர் வெயிலில் உலர்த்துவதே மேல், வெயில் அந்த நிறமியைக் கொஞ்சம் வெளுத்துவிடும். இரண்டு வேலைக்கும் ஒரே உலர்த்தும் முறையைக் கற்பிக்கக் கூடாது.

முழு மீனாக விற்கும், 100 கிராமுக்கு மேற்பட்ட பங்கேசியஸுக்கு 100 கிலோ மூழ்கும் குச்சித் தீவனம் செய்ய ஒரு கலவை: சோயா புண்ணாக்கு 36 கிலோ, கடலைப் புண்ணாக்கு 8, மீன்தூள் 5, எண்ணெய் எடுத்த தவிடு 20, அரிசிக் குருணை மாவு 19, இலைத்தூள் 6, எண்ணெய் 2, தாது வைட்டமின் கலவை ஒன்றரை, டைகால்சியம் பாஸ்பேட் ஒன்றரை, உப்பு அரை கிலோ, லைசின் அமினோ அமிலம் 300 கிராம், மெத்தியோனின் அமினோ அமிலம் 200 கிராம். புரதம் 28 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும், நார் ஆறரைக்குள் அடங்கும். இதில் இலை பிடித்திருப்பது தவிட்டின் இடத்தையும் சோயாவில் ஒரு சிறு பங்கையும்தான். மீன்தூளின் இடத்தை இலை பிடிக்க முடியாது. மெத்தியோனின் இலையில் குறைவு என்பது ஒரு காரணம். மரவள்ளி இலையாக இருந்தால், மிச்சமிருக்கும் சயனைடை மீனின் உடல் கந்தகத்தைக் கொண்டே முறிக்கிறது, அந்தக் கந்தகம் மெத்தியோனினிலிருந்துதான் வர வேண்டும். அந்த 200 கிராமை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஜவ்வரிசி ஆலையில் மிஞ்சும் கிழங்குச் சக்கையான திப்பியைக் குருணைக்குப் பதிலாக ஐந்தாறு கிலோ சேர்க்கலாம், நன்றாகப் பிடிமானம் தரும். புரதம் அதில் இல்லையென்றே வைத்துக்கொள்ள வேண்டும், நாரும் உண்டு.

மிதவைத் தீவனம் வேண்டுமென்றால் இதே கலவை ஒத்துவராது. குச்சி பொரிந்து மிதக்க மாவுச்சத்து 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும். நார் கூடினால் பொரியாது, பாதி மிதக்கும், பாதி அடியில் போகும். இலையை அரை மில்லிமீட்டர் சல்லடையில் முழுவதும் இறங்கும்படி அரைக்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் ஒவ்வொரு நார்த்துணுக்கும் குச்சியில் ஒரு விரிசல், தண்ணீரில் போட்டதும் அங்கேதான் உடையும். பைக்கு அடியில் பச்சைப் பொடி நிறையச் சேர்ந்தால் அரைப்பில் குறை என்று பொருள். தீவனத்தின் ஈரம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பை தரையில் படாமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இலைத்தூள் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதில் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும்.

பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் நாளுக்கு 2 டன் திறனுள்ள சிறு தீவன ஆலைகளுக்கு மானியம் கொடுத்திருக்கிறீர்கள். அந்த ஆலை 6 சதவீதம் இலை சேர்த்தால் நாளுக்கு 120 கிலோ தூள் வேண்டும். மரவள்ளி என்றால் 480 கிலோ பச்சை இலை, முருங்கை என்றால் 700 கிலோவுக்கு மேல். சதுர மீட்டருக்கு 5 கிலோ பரப்பி மூன்று நாள் காயவைக்க, மரவள்ளிக்கே சுமார் 300 சதுர மீட்டர் களம் தேவை. திட்ட வரைபடத்தில் இயந்திரத்துக்கு இடம் இருக்கிறது, உலர்களத்துக்கும் இடம் ஒதுக்கும்படி செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தக் களமும் உதவாது. அந்த மாதங்களுக்கு இலை இல்லாத இன்னொரு கலவையை ஆலை கையில் வைத்திருக்க வேண்டும். மழை நாளில் கிடைத்த இலையை வீணாக்க மனமில்லாதவர், நறுக்கி வாட்டி, நூறு கிலோவுக்கு 5 கிலோ வெல்லப்பாகு கலந்து, காற்றுப் புகாத பீப்பாயில் அழுத்தி மூன்று வாரம் மூடிவைக்கலாம். மரவள்ளியின் சயனைடும் அதில் நன்றாகக் குறையும். ஆனால் அது ஈரப் பொருள், அன்றன்று பிசைந்து கொடுக்கும் தீவனத்துக்கு மட்டுமே ஆகும், பையில் போட்டு விற்க முடியாது.

இலைத் தீவனம் மலிவா என்பதைப் பையின் விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 40 ரூபாய்த் தீவனம் ஒன்றரை கிலோ போட்டு ஒரு கிலோ மீன் வந்தால் செலவு 60 ரூபாய். இலை அதிகம் போட்டு 34 ரூபாய்க்குச் செய்த தீவனம் 1.9 கிலோ தேவைப்பட்டால் 64 ரூபாய் 60 பைசா. ஐந்து டன் மீனுக்கு இரண்டு டன் கூடுதல் தீவனம் அந்தக் குளத்தில் இறங்கியிருக்கும். தண்ணீர் பச்சையாகி, அம்மோனியா ஏறி, காற்றடிக்கும் இயந்திரத்துக்கு மின்கட்டணம் கூடுவது இந்தக் கணக்கில் சேரவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாவட்டத்துக்கு ஒரு பண்ணையில் குளத்துக்குள் தொட்டிபோலத் தொங்கும் ஹாப்பா வலை கட்டிச் சோதனை நடத்துங்கள். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் உள்ள ஒன்பது ஹாப்பாக்கள் போதும். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் 20 மீன். மூன்றுக்கு இலை இல்லாத தீவனம், மூன்றுக்கு 5 சதவீதம், மூன்றுக்கு 10. மூன்று தீவனத்திலும் புரதம் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடே வீண். 60 நாள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை, போட்ட தீவனத்தின் கணக்கு, முடிவில் இரண்டு மீனை அறுத்துச் சதையின் நிறமும் ஈரலின் நிறமும். ஈரல் வெளிறியிருந்தால் எழுதிவையுங்கள். 10 சதவீதத்தில் மீன் பின்தங்கினால் அதையும் மறைக்காமல், எந்த இலை, எந்த ஊர், எத்தனை நாள் காயவைத்தது என்ற விவரத்தோடு தமிழில் வெளியிடுங்கள். மரவள்ளி அறுவடை மும்முரமாகும் தை மாதத்துக்கு முன்பே ஹாப்பாவும் மீனும் தயாராக இருந்தால், இலையை அந்த அறுவடையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மீன் தீவனம் தயாரிப்போரும் கெளுத்திப் பண்ணைகளுக்குத் தீவன ஆலோசனை சொல்வோரும்